முகத்தைச் சொல்லில் எழுதுவது எப்படி?

கதையோ கட்டுரையோ கடிதமோ எழுதும் ஒருவர், ஒரு மனிதரின் முகத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்தவுடன், ‘சோகமான முகத்துடன்’, ‘கோபமான முகபாவனையுடன்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதை இப்போது மிகுதியாகக் காண்கிறோம். இவை பிழையான தொடர்கள் அல்ல. ஆனால் இவற்றைப் படிப்பவர் கண்முன் எந்த முகமும் வருவதில்லை. வீட்டில் நாம் யாரும் இப்படிப் பேசுவதும் இல்லை. நம் வேலூர் மாவட்டத்தில், காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு தாய் தன் மகளிடம், “இன்னாத்துக்குடி மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?” என்று கேட்பாளே தவிர, முகபாவனையைப் பற்றி விசாரிக்க மாட்டாள். உறுப்பைச் சொல்லி, அந்த உறுப்பு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட்டால் உணர்ச்சி தானே விளங்கிவிடும் என்பது தமிழ் பேசுவோர் எல்லாருக்கும் பழக்கமான முறை. பேச்சில் இயல்பாக வரும் அந்த முறையை எழுத்திலும் கைக்கொள்வது எப்படி என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

உறுப்புகளின் பெயர்கள்

நெற்றி, புருவம், கண், மூக்கு, கன்னம், வாய் என்ற பெயர்களோடு பலர் நின்றுவிடுகிறார்கள். முகத்தை நெருங்கிச் சொல்ல இவை போதா. புருவத்தின் வெளிமுனைக்குப் பக்கத்தில், தலைவலி வந்தால் விரல் தானாகப் போய் அழுத்தும் இடத்திற்குப் பொட்டு அல்லது நெற்றிப்பொட்டு என்று பெயர். கண்ணில் இமை, கருவிழி, வெண்விழி, நடுவில் பாவை, காதுப் பக்கத்து ஓரத்தில் கடைக்கண் ஆகியவை உண்டு. மூக்கில் மேலிருந்து இறங்குவது தண்டு. மூக்குத்தி குத்தும் பக்கச் சதை மடல். இரண்டு உதடுகளும் சேரும் ஓரம் கடைவாய். கீழுதட்டின் அடியில் உள்ளது மோவாய். அதையே நம் பக்கத்தில் தாவாக்கட்டை என்றும் முகவாய்க்கட்டை என்றும் சொல்கிறோம். கன்னத்தின் கீழ் எலும்பு தாடை; ஊர்ப் பேச்சில் தவடை. பற்களில் முன்னே தள்ளி நிற்பது எத்துப்பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது தெற்றுப்பல், கூர்மையாக இறங்குவது கோரைப்பல்.

இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்வதன் பயன், உணர்ச்சி முகம் முழுவதிலும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை என்பதை உணரும்போது விளங்கும். அழப்போகும் குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கீழுதடு பிதுங்கும், அடுத்து மோவாய் நடுங்கும், மூக்கு மடல் விடைக்கும், கண் நிறையும், அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். ‘குழந்தை அழத் தொடங்கியது’ என்ற தொடரில் இவை எதுவும் இல்லை. ‘குழந்தை உதட்டைப் பிதுக்கியது’ என்று எழுதி நிறுத்தினால், அழுகை வரப்போகிறது என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்; அதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நேர்ந்ததா, செய்ததா?

முகத்தைப் பற்றி எழுதுவோர் மற்ற எல்லாவற்றையும்விடக் கருத்தோடு கவனிக்க வேண்டியது இது என்று நான் நினைக்கிறேன். முகத்தில் தோன்றுவதில் ஒரு பகுதி நம்மை மீறி நேர்வது. மற்றொரு பகுதி பிறர் பார்க்க வேண்டும் என்று நாமே செய்வது. தமிழ் வினைகள் இந்த இரண்டையும் மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. ‘அவள் முகம் சுருங்கியது’ என்றால் அவள் மறைக்க நினைத்தும் முடியவில்லை. ‘அவள் முகத்தைச் சுளித்தாள்’ என்றால் எதிரில் இருப்பவருக்கு அதைக் காட்டுகிறாள். ‘உதடு துடித்தது’ என்பது நேர்வது. ‘உதட்டைச் சுழித்தாள்’ என்பது செய்வது. ‘கண் கலங்கியது’, ‘கண்ணைக் கசக்கினான்’ ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: முதலாமவன்மீது இரக்கம் வருகிறது, இரண்டாமவன்மீது ஐயம் வருகிறது. முகம் எழுவாயாக நின்றால் ஒரு பொருள், ‘முகத்தை’ என்று ஐ உருபு ஏற்று நின்றால் வேறொரு பொருள்.

‘முகம் தொங்கிப்போயிற்று’ என்பது ஏமாற்றம். ‘முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்’ என்பது தன் ஏமாற்றத்தை வீட்டார் கவனிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்’ என்றால் அதோடு கோபமும் சேர்ந்துவிடும். ‘கொள்’ என்ற துணைவினை வரும் இடங்களில் பெரும்பாலும் அந்த முகம் சிறிது நேரம் அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளும் உண்டு. நம் மாவட்டப் பேச்சில் ‘வச்சிகினு’, ‘போட்டுகினு’ என்று வருவது அதுதான். உரையாடலில் இதை அப்படியே எழுதலாம். எழுதுபவரின் சொந்த நடையில் ‘வைத்துக்கொண்டு’ என்று எழுதுவது பொருந்தும்.

‘மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து’ என்ற குறளில் விருந்தினர் வாடுவதற்குக் காரணம் ஒரு சொல்கூட அன்று. இயல்பான நிலையிலிருந்து சற்று மாறுபட்ட முகத்தோடு பார்த்தாலே போதும். ‘முகந்திரிந்து’ என்ற சொல் ‘முகஞ்சுளித்து’ என்பதைவிட எவ்வளவு மெல்லியது என்பதைக் கவனிக்க வேண்டும். விருந்தினர்முன் வெளிப்படையாகச் சுளிப்பவர்கள் குறைவு; முகம் திரிபவர்கள் நிறைய. அளவு அறிந்து வினையைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நிறத்தால் சொல்லுதல்

முகம் சிவந்தது, கறுத்தது, வெளுத்தது, வெளிறியது, இருண்டது, சுண்டியது என்று நிறத்தை வைத்துச் சொல்லும் வழக்கு பழையது. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. இரண்டு நிறங்களும் சினத்தைக் குறிக்கும் என்பது பொருள். இன்றைய வழக்கில் இவை சற்றுப் பிரிந்து நிற்கின்றன. சிவத்தல் வெளியே பாயும் சினத்துக்கும் நாணத்துக்கும் வருகிறது. கறுத்தல் அவமானப்பட்டு உள்ளே அடக்கிய சினத்துக்கு வருகிறது: பலர் முன்னிலையில் ஒருவரைக் கடிந்து பேசினால் அவருக்கு ‘முகம் கறுத்துவிட்டது’ என்கிறோம். வெளிறுவது அச்சத்தால், நோயால். சுண்டுவது, கேட்டது கிடைக்காமல் போனதால்.

ஒரு முகத்தைக் கண்ணால் கண்டபடி எழுதுவதாக இருந்தால், ‘சிவந்தது’ என்பதை எழுதும் முன் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம் ஊர் முகங்களில் பெரும்பாலானவை மாநிறமும் கருநிறமும் ஆனவை. அவற்றில் கன்னம் சிவப்பது எளிதில் தெரியாது. கோபம் வெண்விழியில் சிவப்பாகத் தெரியும், மூக்கு மடலில் விடைப்பாகத் தெரியும், தாடையில் இறுக்கமாகத் தெரியும். அவற்றை எழுதுங்கள். பிற மொழிக் கதைகளைப் படித்துப் பழகிய கை, கருத்த மனிதரின் கன்னத்தையும் ரோஜா நிறமாக்கிவிடுகிறது. அது நம் மக்களின் முகத்தைப் பாராமல் எழுதுவதாகும்.

சிரிப்பு, அழுகை, சினம்

ஒவ்வோர் உணர்ச்சிக்கும் தமிழில் சொற்கள் படிப்படியாக அடுக்கி நிற்கின்றன. எந்தப் படியில் உங்கள் மனிதர் நிற்கிறார் என்பதை முடிவு செய்த பிறகே சொல்லை எடுக்க வேண்டும்.

முறுவல், புன்முறுவல், புன்னகை ஆகியவற்றில் ஓசை இல்லை. சிரிப்பில் ஓசை உண்டு. நமட்டுச் சிரிப்பில் உதடுகள் மூடியிருக்கும், ஆனால் கடைவாய் துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்; அதில் ஒரு மறைபொருள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சொல் வீணாகும். அசட்டுச் சிரிப்பு, பிடிபட்டவரின் சிரிப்பு. ‘அசடு வழிந்தது’ என்பதும் அந்த இடத்திற்கு உரியது. இளிப்பில் பல் தெரியும், மதிப்புத் தெரியாது. உயர்வாகக் கருதும் ஒருவரைப் பற்றி அச்சொல்லை எழுதக் கூடாது. கெக்கலிப்பில் பிறரின் தோல்வி அடங்கியிருக்கிறது. மனம் நிறைந்து வரும் சிரிப்பில் உதட்டோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கும் என்பதைத் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ஆகவே மகிழ்ச்சியைச் சொல்ல விரும்பினால் கடைக்கண்ணில் விழும் சுருக்கத்தை எழுதுங்கள்; ‘உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை’ என்று ஊரில் சொல்வதும் இதே உண்மைதான்.

அழுகையில், கண் பனித்தல், கலங்குதல், தளும்புதல் ஆகியவை கண்ணீர் விழுவதற்கு முந்தையவை. விசும்பலில் மூச்சு தடைப்பட்டு மெல்ல ஒலிக்கும். விம்மலில் நெஞ்சு எழுந்து தாழும். தேம்பலும் கேவலும் நெடுநேரம் அழுதபின் வருபவை. ‘திடீரென்று கேவினாள்’ என்று எழுதினால், அவள் முன்பே அழுதுகொண்டிருந்தாளா என்று படிப்பவர் குழம்புவார்.

சினத்திற்கு நம்மிடம் ஆயத்தமான தொடர்கள் மிகுதி. ‘முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது’ என்பதை இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒரு கதையில் ஒருமுறை வந்தால் சுவை தரும். கடுகடுத்தல், சிடுசிடுத்தல், உர்ரென்று இருத்தல் ஆகியவற்றைப் பேச்சு வழக்கிலிருந்து தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். முறைத்தலும் வெறித்தலும் ஒன்றல்ல: முறைப்பவரின் பார்வை ஒருவர்மேல் நிற்கிறது, வெறிப்பவரின் பார்வை எதன்மேலும் நிற்பதில்லை. திருதிருவென விழிப்பவர் விடை தெரியாதவர். பேந்தப் பேந்த விழிப்பவர் நடந்தது இன்னதென்றே புரியாதவர்.

காரணத்தைத் தேடுதல்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் காரணங்களாக நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. எழுதுவோருக்கு இந்தப் பட்டியல் இன்றும் கைகொடுக்கும். அழுகைக்கு அது தரும் நான்கும் இளிவு (இழிவுபடுதல்), இழவு (இழத்தல்), அசைவு (தளர்ச்சி), வறுமை. பிறர் இழிவுபடுத்தியதால் அழுபவரின் முகமும், பறிகொடுத்ததால் அழுபவரின் முகமும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே எந்தச் சொல்லை எழுதுவது என்று திணறும்போது, ‘என்ன உணர்ச்சி?’ என்று கேட்பதைவிட ‘எதனால் வந்தது?’ என்று கேட்பது விரைவில் வழிகாட்டும்.

ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றும் பெண்கள் பலர். சுற்றி முடித்த கட்டுகளைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, அங்கே இருப்பவர் பிரித்துப் பார்த்துச் சரியில்லாதவற்றைக் கழித்துவிடுவார். அப்படிக் கழிக்கப்படும்போது நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி, ‘அவள் சோகமான முகத்துடன் நின்றாள்’ என்று முதலில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

எதனால் வந்தது என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. கூலி குறைகிறது; அது வறுமை. தன் கைவேலையைப் பலர் பார்க்கக் குறை சொல்கிறார்கள், அது இளிவு. வறுமை என்றால் அவள் பார்வை கழிக்கும் கையின்மேல் இருக்கும், ஒவ்வொன்றாக எண்ணுவதால் உதடு அசையும், நெற்றி சுருங்கும். இளிவு என்றால் பார்வை கையின்மேல் இராது, பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்கிறார்களா என்று கடைக்கண் ஒருமுறை போய் வரும், முகம் கறுக்கும், அவளே முந்திக்கொண்டு ஓர் அசட்டுச் சிரிப்புச் சிரிக்கவும் கூடும். இப்போது எழுதுவோம்: ‘கழித்த பீடிகள் ஒருபுறம் சேரச் சேர அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தபோது, திரும்பாமல் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம், “இல நல்லா இல்லண்ணா” என்று சிரித்தாள்.’ சோகம் என்ற சொல் எங்கும் இல்லை. முதல் வாக்கியத்தில் வறுமையும் இரண்டாவதில் இளிவும் வந்து நிற்கின்றன. சிரிப்பு என்ற சொல்லுக்குமுன் எந்த அடைமொழியும் வைக்கவில்லை. அங்கே ‘சோகமாகச் சிரித்தாள்’ என்று எழுதியிருந்தால் செய்த வேலை முழுவதும் கெட்டிருக்கும்.

முகத்தில் தெரிவதெல்லாம் உள்ளத்திலிருந்து வந்ததாகவும் கொள்ளக் கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்தில் நிற்கும் எல்லாருடைய புருவமும் நெரிந்திருக்கும், கண் இடுங்கியிருக்கும், அது வெயில். முகவாதம் வந்தவரின் ஒருபக்கக் கடைவாய் இறங்கியிருக்கும், அந்தப் பக்கத்து இமை மூடாது. அது முகத்தசைகளை இயக்கும் ஏழாவது கபால நரம்பின் பாதிப்பு. தொழுநோய் முற்றினால் புருவ மயிர் உதிர்ந்துவிடும். 1946ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கையையும் காலையும் சீர்செய்ததோடு நிற்காமல், தலையின் மயிருள்ள தோலை எடுத்துப் புருவமாக வைக்கும் அறுவையையும் செய்தார். நோய் குணமான பின்னும் புருவமில்லாத முகத்தைக் கண்டு ஊர் ஒதுக்கியதே அதற்குக் காரணம். புருவம் எவ்வளவு பேசுகிறது என்பதை அறிய விரும்புவோர் இந்த ஒரு செய்தியை எண்ணிப் பார்த்தால் போதும். நோயால் அசையாத முகத்தைக் ‘கல்நெஞ்சக்காரர் முகம்’ என்று எழுதுவது அநீதி.

எங்கே பழகலாம்?

நம் பகுதியில் இதற்கு நல்ல இடங்கள் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் ஊர்களில், பதினெட்டாம் போர் நாளன்று படுகளத்தில் மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் படுத்திருப்பான். அந்த முகத்தைக் காலையில் கூட்டம் சேரும்முன் அருகில் நின்று பாருங்கள். இமை இல்லாததுபோல் திறந்த விழி, மேல்நோக்கி முறுக்கிய மீசை, எதற்கும் அசையாத கன்னம். சற்று நேரத்தில் கூத்துக் கலைஞர் ஒருவர் அதே துரியோதனனாக அந்த உருவத்தின் மேலேயே ஓடி வருவார்; அரிதாரத்துக்குக் கீழே அவர் முகம் மூச்சிரைத்து, வியர்த்து, விழி உருண்டு, கடைவாய் கோணி நொடிக்கு நொடி மாறும். மண் முகத்தை ஒரு பத்தியிலும் மனித முகத்தை மற்றொரு பத்தியிலும் எழுதிப் பார்த்தால், முதல் பத்தியில் பெயரடைகளும் இரண்டாவதில் வினைகளும் மிகுந்திருப்பதைக் காண்பீர்கள். இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில், ஊர்வலமாக வரும் அம்மன் சிரசு கோயிலில் உடலோடு பொருத்தப்பட்டுக் கண் திறக்கப்படும். அந்த வேளையில் சிரசை நோக்கி நிற்கும் மக்களின் முகங்களைப் பாருங்கள்; அச்சமும் உவகையும் ஒரே முகத்தில் சேர்ந்து நிற்பதை எழுத அங்கே கற்றுக்கொள்ளலாம். வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் உள்ள யாளிகள், பிதுங்கிய விழிக்கும் கோரைப்பல்லுக்கும் சொல் தேடுவோருக்கு உதவும். கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் நாள் முழுவதும் நடக்கிறார்கள். அவர்கள் பேச்சு நமக்கு விளங்காததால் கவனம் முகத்தின்மேல் தானாகச் செல்கிறது. ஆனால் அவர்கள் நோயோடும் கவலையோடும் வந்தவர்கள். ஏறிட்டுப் பார்த்து நிற்பது தகாது. போகிற போக்கில் கண்ணில் பட்டதை வீட்டுக்குப் போய் எழுதினால் போதும்.

சொல்லின் மரியாதை

முகம் என்ற சொல் எந்த இடத்திலும் நிற்கும். வதனம் என்பது பாட்டுக்கும் பழைய வசனத்துக்கும் உரியது. மூஞ்சி என்பது வீட்டுக்குள் உரிமையோடு சொல்லும்போது அன்பு, வெளியாரைச் சொல்லும்போது இழிவு. மொகரை, மொகரக்கட்டை ஆகியவை சண்டைச் சொற்கள். ஜாடை என்பது பெற்றோரைப் போன்ற தோற்றத்துக்கும், கண்ணால் காட்டும் குறிப்புக்கும் பொதுவாக வழங்குவதால், எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாகும்படி ‘அப்பன் ஜாடை’ என்றோ ‘கண் ஜாடை’ என்றோ எழுத வேண்டும். சப்பை மூக்கு, முட்டைக்கண், ஒன்றரைக்கண் போன்ற சொற்களைக் கதைமாந்தர் ஒருவரையொருவர் ஏசும் இடத்தில் வைக்கலாம். எழுதுபவர் தம் குரலில் சொல்லக் கூடாது.

அடையாளம் எழுதும்போது

பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கான அடையாளக் குறிகளோ, காணாமல் போனவரைப் பற்றிய அறிவிப்போ எழுதும்போது மேலே சொன்ன முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே வினைக்கு இடமில்லை. மாறாதவை மட்டுமே வேண்டும். சிரித்த முகம், களையான முகம், லட்சணமான முகம் என்பவை தேடுபவருக்கு உதவா. மச்சம், மரு, தழும்பு, அம்மைத் தழும்பு ஆகியவற்றை வேறுபடுத்தி எழுத வேண்டும். மச்சம் தோலில் படிந்திருப்பது, மரு தோலுக்கு மேல் எழுந்திருப்பது. பரு, தேமல் போன்றவை மறையக்கூடியவை என்பதால் அவற்றை நம்ப வேண்டாம். வலம், இடம் என்பது அந்த நபரின் வலமும் இடமுமே. எதிரில் நின்று பார்ப்பவருடையவை அல்ல, நிழற்படத்தைப் பார்த்து எழுதுவோர் தவறுவது இங்கேதான். உறுப்பின் பெயரைச் சரியாகச் சொன்னால் இடமும் தெளிவாகிவிடும்: ‘நீள்வட்ட முகம், மாநிறம், ஏறு நெற்றி, இடது புருவத்தின் வெளிமுனையில் பழைய வெட்டுத் தழும்பு, வலது கடைவாய்க்குக் கீழே, மோவாயின்மேல், மிளகளவு மச்சம், மேல்வரிசையில் முன்பல் ஒன்று எத்துப்பல்.’